கோடை இரவும் கைக்குழந்தையும்



சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால், பகலைப் பற்றிப் பேசாதவர் நம் நாட்டில் இல்லை. வேலூரில் இன்று எத்தனை டிகிரி, திருச்சிராப்பள்ளியில் எத்தனை டிகிரி என்று கேட்பதும் சொல்வதும் நாள்தோறும் நடக்கும். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கடற்காற்று வீசும் சென்னையிலேயே வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியதை இன்றும் பலர் நினைவுகூர்வர். ஆனால் இரவைப் பற்றி நாம் அத்துணை கவலைப்படுவதில்லை. கதிரவன் மறைந்தவுடன், "அப்பாடா, வெயில் தாழ்ந்தது" என்று மூச்சு விடுகிறோம். வெயில் தாழ்ந்தது உண்மைதான். வெப்பமும் தாழ்ந்துவிட்டதா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நான் ஓர் இரவில் கற்றேன். அதை எனக்குக் கற்பித்த ஆசிரியருக்கு அன்று வயது நாற்பது நாள்.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன். எங்கள் வீடு வேலூரில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்த என் மகள் தன் பெண் குழந்தையுடன் எங்களோடு இருந்தாள். குழந்தையைப் பார்க்க உறவினர் வந்தவண்ணம் இருந்தனர். கீழ்க்கட்டில் ஓயாத பேச்சும் நடமாட்டமும். "மாடி அறை அமைதியாக இருக்கும், தாயும் சேயும் அங்கே உறங்கட்டும்" என்று சொன்னவன் நானே. மாப்பிள்ளை ஆசையோடு வாங்கி அனுப்பிய தடித்த ஃபோம் மெத்தை விரிக்கப்பட்டது. அது நனையாதிருக்க அதன்மேல் ரப்பர் விரிப்பும் போடப்பட்டது. கொசுவுக்கு அஞ்சியும், காற்றுப் பட்டுச் சளி பிடிக்குமே என்று அஞ்சியும் என் மனைவி சன்னல்களைச் சாத்தினாள். எண்பது வயதைக் கடந்த என் தாயார், கொள்ளுப் பேத்திக்குத் தம் கையாலேயே முழுக்கைச் சட்டை அணிவித்து, தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் மாட்டி, ஒரு துணியால் இறுகச் சுற்றியும் கொடுத்தார். இப்படி வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அக்குழந்தைக்கு ஒவ்வோர் அன்புச் செயலைச் செய்தோம்.

இரவு பதினொரு மணியளவில் மின்சாரம் நின்றது, விசிறியும் நின்றது. சற்று நேரம் குழந்தை அழுதாள். பிறகு அழுகை ஓய்ந்தது. "உறங்கிவிட்டாள்" என்று கீழே இருந்த நாங்கள் ஆறுதல் அடைந்தோம். பல நாள் கண்விழித்திருந்த என் மகளும் அயர்ந்துவிட்டாள். நள்ளிரவு கழிந்த பின் என் தாயார் என்னை எழுப்பி, "ஏண்டா, பால் குடிக்கிற நேரம் தாண்டிவிட்டது, குழந்தையின் குரலே கேட்கவில்லையே?" என்றார்.

மாடிக்கு ஓடினோம். விளக்கின் ஒளியில் குழந்தையின் முகம் சிவந்து தெரிந்தது. மார்பில் கை வைத்தேன், சுட்டது. பால் கொடுத்தால் வாய் பற்றவில்லை. கையும் காலும் துவண்டு கிடந்தன. வெப்பமானி 38.4 டிகிரி காட்டியது. "அப்பா, என்ன செய்வது அப்பா?" என்று என் மகள் கேட்டாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்த நான், அக்கேள்விக்கு விடையின்றி நின்றேன்.

குழந்தையைக் கீழே கொண்டு வந்தோம். குல்லாய், சட்டை, காலுறை எல்லாவற்றையும் என் மனைவி கழற்றினாள். என் தாயார் பனையோலை விசிறியை எடுத்து மெல்ல விசிறலானார். வாடகைக் கார் வருவதற்குள் குழந்தை கண்ணைத் திறந்தாள். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் பாலும் பற்றினாள். அங்கே இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள்; மறுநாள் மாலைவரை வைத்திருந்து பார்த்தார்கள். பின்னர் அம்மருத்துவ அம்மையார் என்னை அழைத்து, "ஐயா, கிருமித் தொற்று எதுவும் இல்லை. குழந்தையை எந்த அறையில் படுக்க வைத்திருந்தீர்கள்? என்ன உடுத்தியிருந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "தாங்கள் என்ன பணி செய்தீர்கள்?" என்றார். "பௌதிக ஆசிரியர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்ததைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மனித உடல் ஓர் அடுப்பு. உண்ட உணவு உடலுக்குள் ஓயாமல் வெப்பமாகிக்கொண்டே இருக்கிறது. சும்மா படுத்திருக்கும் ஒரு பெரியவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 80 வாட் அளவு வெப்பம் வெளிப்படுகிறது. பழைய குண்டு விளக்கு ஒன்று ஓயாது எரிவதைப்போல் என்று கொள்ளுங்கள். உள்ளே பிறக்கும் இவ்வெப்பம் அவ்வப்போதே வெளியேறினால்தான் உடல் ஏறக்குறைய 37 டிகிரியில் நிலைத்து நிற்கும். வெளியேறுவதற்கு நான்கு வாயில்கள் உண்டு. அவற்றை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். தொட்டிருக்கும் பொருளுக்கு வெப்பம் செல்வது கடத்தல். காற்று அள்ளிச் செல்வது சலனம். இடையே எப்பொருளின் துணையுமின்றிச் சுவருக்கும் கூரைக்கும் வீசப்படுவது கதிர்வீசல். தோலின்மேலுள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு போவது ஆவியாதல்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். ஃபோம் மெத்தை வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். அதன்மேல் ரப்பர் விரிப்பு வேறு. முதல் வாயில் மூடிற்று. சாத்திய சன்னலும் நின்றுபோன விசிறியும் சலனம் என்னும் இரண்டாம் வாயிலை மூடின. மூன்றாவதை மூடியவன் நான். பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவில் அவ்வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசிக்கொண்டிருந்தது. குழந்தையின் உடல் கூரைக்கு வெப்பத்தை அனுப்புவதற்கு மாறாக, கூரை குழந்தைக்கு அனுப்பிற்று. முழுக்கைச் சட்டையும் சுற்றிய துணியும் நான்காம் வாயிலை மூடின. நான்கு வாயில்களையும் நாங்கள் அன்பினாலேயே அடைத்துவிட்டோம்.

அதே அறையில் என் மகளும் படுத்திருந்தாளே, அவளுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை காண, 1774ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் சில அறைகளைக் கடுமையாகச் சூடேற்றினார். சார்லஸ் பிளாக்டன் என்பவரும் நண்பர் சிலரும் அவற்றினுள் சென்றனர். ஒருமுறை நீரின் கொதிநிலையையும் கடந்த வெப்பத்தில் பிளாக்டன் சில நிமிடங்கள் இருந்து நலமாக வெளிவந்தார். அந்த அறைகளில் வைத்த முட்டைகளோ, வெறும் காற்றின் சூட்டிலேயே வெந்து கெட்டியாயின! மனிதனைக் காத்தது எது? வியர்வை. தோலின்மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதாவது, 580 கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க எவ்வளவு வெப்பத்தை நீக்க வேண்டுமோ, அவ்வளவையும் ஒரு கிராம் வியர்வை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. முட்டைக்கு வியர்வை இல்லை, வெந்தது. மனிதனுக்கு உண்டு, பிழைத்தான்.

பச்சிளங் குழந்தை இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது. பிறக்கும்போதே அதற்கு வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆனால் அவை பெரியவரின் சுரப்பிகளைப்போல் முழுத் திறனோடு வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும். இது முதல் வேறுபாடு.

இரண்டாவது, உருவத்தைப் பற்றியது. அண்டா நிறைய வைத்த வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். டம்ளரில் ஊற்றிய காப்பி விரைவில் ஆறிவிடும். பொருள் சிறிதாக ஆக, அதன் எடைக்கு அதன் பரப்பு மிகுகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோற்பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு சதுர மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிலோ ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக வரும். ஆதலால் குளிரில் குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும். வெப்பத்தில் விரைவில் சூடாகிவிடும். அத்தோற்பரப்பிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையிலேயே இருக்கிறது. பெரியவருக்குத் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கோடையில் ஒரு சிறு குல்லாய் எத்துணைப் பெரிய கதவை அடைக்கிறது என்பது இப்போது விளங்கும்.

மூன்றாவது வேறுபாடே எல்லாவற்றிலும் முக்கியமானது. நமக்குப் புழுங்கினால் போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம். எழுந்து திண்ணைக்குப் போகிறோம். ஒரு செம்பு நீர் குடிக்கிறோம். நாற்பது நாள் குழந்தை இவற்றில் ஒன்றையும் செய்யாது. அழத்தான் அதற்குத் தெரியும். மிகவும் களைத்துவிட்டால் அழவும் முடியாது. அந்த இரவில் நாங்கள் உறக்கம் என்று எண்ணியது உறக்கமன்று.

அடைத்த வாயில்களை எப்படித் திறப்பது? நம் வீடுகளில் பெரும்பொருள் செலவின்றிச் செய்யக்கூடியவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, இடம். கோடையில் கைக்குழந்தை உறங்க வேண்டிய அறை, மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையன்று. வீட்டில் உள்ளவற்றுள் தாழ்ந்த தளத்தில், மேல்வெயில் சுடாத சுவரையுடைய அறை. ஒரே தளமுள்ள வீடானால், கூரையின் மேற்புறத்தில் சுண்ணாம்பை வெள்ளையாகப் பூசினால், அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பகலில் வெளிக்காற்று உள்ளறையைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் சன்னல்களைச் சாத்தித் திரையிட வேண்டும். மாலையில் வெளியே குளிரத் தொடங்கியதும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். நாம் பலவேளைகளில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

இரண்டாவது, படுக்கை. நம் முன்னோர் கோரைப்பாயில் படுத்தது வறுமையினால் மட்டுமன்று. பாயின் இழைகளுக்கிடையே காற்று நுழையும். மெத்தை வெப்பத்தைத் தேக்கும். சமமான, அமுங்காத படுக்கையின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை இறுக விரித்தால் போதும். ரப்பர் விரிப்பு இன்றியமையாததாயின் சிறிய துண்டாக இடுப்பின்கீழ் மட்டும் இட்டு, அதன்மேல் பருத்தித் துணி மடித்துப் போடலாம். தலையணையும் கனத்த போர்வையும் வேண்டா. குழந்தையை மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும். பெரியவர் ஒட்டிப் படுப்பதும் கோடைக்கு ஏற்றதன்று. 80 வாட் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். தாய்க்குக் கையெட்டும் தொலைவில் குழந்தைக்குத் தனிப்படுக்கை இருப்பது நலம்.

தூளியைப் பற்றியும் ஒரு சொல். தூளி நம் மரபின் இனிய பொருள். அருகில் ஒருவர் இருந்து ஆட்டும்போது குழந்தை அதில் சற்று நேரம் கிடப்பதை நான் குறைகூறவில்லை. ஆனால் இரவு முழுவதும் அதிலேயே விட்டுவிடுதல் தகாது. துணி இருபுறமும் வந்து மூடிக்கொள்கிறது, காற்றோட்டம் குறைகிறது, தலை மார்போடு மடிந்து மூச்சுவழி குறுகவும் கூடும்.

மூன்றாவது, உடை. புழுக்கமான இரவில் இடுப்புத்துணி ஒன்றும், வேண்டுமாயின் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றும் போதும். பலமுறை துவைத்து மிருதுவான பழைய வேஷ்டித் துணிக்கு ஈடான கோடையாடை இல்லை. குல்லாய், காலுறை, கையுறை இவை கோடையிரவுக்கு உரியனவல்ல. குழந்தையின் கையும் காலும் தொட்டால் சில்லென்று இருப்பது இயல்பு. அதைக் கண்டு மேலும் போர்த்தக் கூடாது. வெப்பத்தை அறியத் தொட வேண்டிய இடம் மார்பும் பிடரியும். பிடரி வியர்த்திருந்தால் குழந்தைக்குப் புழுக்கம் என்று பொருள். வியர்வைத் துவாரங்கள் அடைபட்டு எழுவதே வேர்க்குரு. அதன்மேல் பவுடரை அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. அத்தூள் குழந்தையின் மூச்சில் போய்த் தீங்கும் செய்யும். நீரால் துடைத்துக் காற்றுப் பட விடுவதே மருந்து.

நான்காவது, காற்று. "விசிறிக் காற்றுப் பட்டால் குழந்தைக்கு ஆகாது" என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட அச்சம். முகத்துக்கு நேரே வேகமாக அடிக்க வேண்டுவதில்லை. அறைக்காற்று மெல்ல அசைந்துகொண்டிருந்தால் போதும். 2008இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. காரணம் புலப்படாமல் உறக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோகும் துயரத்தைப் பற்றியது அது. விசிறி ஓடிய அறைகளில் அத்தகைய இறப்பு குறைவாக இருந்தது. வெப்பமான அறைகளில் அவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. விசிறியே உயிரைக் காத்தது என்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே இதன் பொருள். அறிவியல் பயிலும் நீங்கள் இவ்வேறுபாட்டை மறக்கக் கூடாது. எனினும் விசிறிக்கு அஞ்ச வேண்டா என்பதற்கு இது போதும்.

காற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. அறைக்காற்று அதனினும் குறைவாக இருந்தால் விசிறி வெப்பத்தை அள்ளிச் செல்லும். அதனினும் மிகுந்திருந்தால், விசிறி சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். நன்றாக வியர்க்கும் பெரியவருக்கு அப்போதும் ஓரளவு பயன் உண்டு. குழந்தைக்கோ வியர்வை போதாது. அந்நேரத்தில் அதற்கு இல்லாத வியர்வையை நாம் கொடுக்க வேண்டும். சாதாரண நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கை, கால், முதுகு ஆகியவற்றை ஒற்றி, பிறகு மெல்ல விசிற வேண்டும். ஐஸ் நீர் கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து உள்வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மாலையில் உடல் பொறுக்கும் நீரில் ஒருமுறை குளிப்பாட்டுவதும் நன்று.

வேலூர், திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று வறண்டது. அங்கே சன்னலில் நனைத்த துணியையோ வெட்டிவேர்த் தட்டியையோ தொங்கவிட்டால் அறை குளிரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அங்கே ஈரத்துணி புழுக்கத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அவ்வூர்களுக்குக் காற்றோட்டமே வழி. குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதை 25 டிகிரியை ஒட்டி வைத்து, காற்று நேரே குழந்தைமேல் படாமல் திருப்பிவிட்டால் தவறில்லை.

கொசுவலையைப் பற்றிக் கேட்பீர்கள். வலை காற்றைச் சற்றுத் தடுக்கத்தான் செய்யும். ஆயினும் வலையை விடக்கூடாது. மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில்தான் கடிக்கிறது. வலையின் கண்களில் தூசி படிந்தால் காற்று நுழையாது. அடிக்கடி துவைத்துக் கட்ட வேண்டும். நாங்கள் கொசுவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தினோம். சன்னலைத் திறந்து வலையைக் கட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, தாகம். "வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, குழந்தைக்கு ஒரு சங்கு தண்ணீர் கொடுத்தால் என்ன?" என்று அன்போடு கேட்பவர் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டுவதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே. தண்ணீர் கொடுத்தால் சிறு வயிறு நிறைந்து பால் குறையும். தூய்மையற்ற நீரானால் வயிற்றுப்போக்கு வரும். மிகுதியாகக் கொடுத்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து வலிப்பும் வரக்கூடும். ஆகவே கோடையில் செய்ய வேண்டியது, இரவிலும் பகலிலும் அடிக்கடி பாலூட்டுவது. பாலூட்டும் தாய்க்கு வேண்டிய அளவு நீரும் மோரும் கொடுப்பது. தாயின் தலைமாட்டில் ஒரு செம்பு நீர் வைக்க மறவாதீர்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு, கோடைதானே என்று நீரைக் கூட்டிக் கலக்கக் கூடாது. குறித்த அளவே சரி.

ஆபத்தின் அறிகுறிகளையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முகம் சிவத்தல், மூச்சு விரைதல், உடல் துவளுதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, உச்சிக்குழி உள்ளே அமிழ்ந்திருத்தல், வழக்கமாக நாளில் ஆறு முறைக்கு மேல் நனையும் துணி மிகக் குறைவாக நனைதல், இவையெல்லாம் அறிகுறிகள். குழந்தையின் அக்குள் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருப்பது இயல்பு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அது அறையின் வெப்பமா, கிருமியின் காய்ச்சலா என்று வீட்டிலுள்ளோர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. துணியைத் தளர்த்தி, பாலூட்டிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை மிகக் குறைந்த குழந்தைக்கும் நான் சொன்னவை அப்படியே பொருந்தா. அவற்றிற்குச் சூடு தேவைப்படலாம். அவற்றைப் பற்றி மருத்துவர் சொல்வதே முடிவு.

நான் சொன்ன மாடி அறைக் கதை எங்கள் வீட்டோடு முடிவதன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் குஜராத்தின் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்தக் கோடையில் அந்நகரின் பொது மருத்துவமனை ஒன்றில், வெப்பத்தால் தாக்குண்ட பச்சிளங் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டனர். அங்கே தாய்மார்களும் குழந்தைகளும் இருந்த பகுதி மேல்தளத்தில், சுடும் கூரைக்கு நேர்கீழே இருந்தது. அதைக் கீழுள்ள தளத்திற்கு மாற்றினர். அதன்பின் அத்தகைய சேர்க்கை குறைந்ததென்று மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். புதிய மருந்தோ புதிய இயந்திரமோ இல்லை. கட்டிலை இடம் மாற்றினார்கள், அவ்வளவே. 2013இல் அந்நகரம் வெப்பக்காலச் செயல்திட்டம் ஒன்றையே வகுத்தது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

மாணவ நண்பர்களே, இதையெல்லாம் பெற்றோரிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எண்ணலாம். உங்களில் பலருடைய வீட்டில் தம்பியோ தங்கையோ அக்காளின் குழந்தையோ இருக்கும். தேர்வுக்காக நள்ளிரவுவரை விழித்திருப்பவர்களும் நீங்களே. புத்தகத்தை மூடிப் படுக்கப் போகுமுன், ஒரு கணம் சென்று குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் வெப்பமானி இருந்தால், அதை ஒருநாள் மாடி அறையிலும் மறுநாள் கீழறையிலும் வைத்து, மாலை ஆறு மணி, இரவு ஒன்பது மணி, பன்னிரண்டு மணி என்று குறித்து வாருங்கள். உங்கள் வீட்டின் எந்த மூலை எந்த நேரத்தில் குளிர்ச்சியானது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பௌதிகம் மதிப்பெண்ணுக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

கண்டுபிடித்ததைப் பெரியவர்களிடம் சொல்லும்போது பணிவோடு சொல்லுங்கள். "பாட்டி, உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கினால் குல்லாய் ஒருநாளும் கழலாது. எங்கள் வீட்டில் குல்லாய் மாட்டியவர் என் தாயார். ஆனால் குழந்தையின் குரல் கேட்கவில்லையே என்று முதலில் கவலைப்பட்டவரும் அவரே. பனையோலை விசிறி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரும் அவர் ஒருவரே. அவர் குல்லாய் மாட்டியது மார்கழிக் குளிருக்குக் கற்ற பாடம். அதைச் சித்திரையிலும் கடைப்பிடித்ததுதான் பிழை. பௌதிகம் கற்ற நான் செய்த பிழையோ அதைவிடப் பெரிது. கூரை சுடும் என்று கரும்பலகையில் எழுதத் தெரிந்தவன், என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.

அந்தக் குழந்தை இன்று பள்ளிக்குச் செல்கிறாள். கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வருகிறாள். இரவில் கீழ்க்கட்டில் பாய் விரித்துப் படுக்கிறாள். மின்சாரம் நின்றால், "தாத்தா, விசிறி" என்று குரல் கொடுக்கிறாள். இப்போது அவளால் கேட்க முடிகிறது. கேட்க முடியாத பருவத்தில் கிடக்கும் குழந்தைகளுக்காக நாம்தாம் கேட்க வேண்டும்: காற்று வருகிறதா? கூரை சுடுகிறதா? துணி மிகுதியா? பால் குடித்ததா? கோடை இரவில் விளக்கை அணைக்குமுன் இந்நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.